மனிதாபிமான விண்ணப்பம்: இரக்கத்தைக் கோப்பில் நிறுவுவது எப்படி?

ஸ்காபரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "இலங்கையிலிருந்து வந்த என் தம்பியின் அகதிக் கோரிக்கை ஏழு மாதங்களுக்கு முன்பு நிராகரிக்கப்பட்டது. அவனுக்கு இங்கே பிறந்த இரண்டு வயது மகள் இருக்கிறாள். மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறார்கள். ஆனால் குடிவரவு பற்றி அரசியல்வாதிகள் பேசுவதைக் கேட்டால், இனிக் கனடாவில் இரக்கத்துக்கு இடமில்லை என்றே தோன்றுகிறது. விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?"

உண்டு, அம்மா. மேடையில் பேசப்படும் இரக்கம் காலத்துக்குக் காலம் மாறுவது. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைப் பிரதமர் மல்ரோனியின் அரசு தங்க அனுமதித்தது. 2010-இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரையோ அன்றைய அரசு தடுப்புக்காவலில் வைத்தது. ஆனால் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இரக்கம் என்பது அதிகாரி ஆராய்ந்தே தீர வேண்டிய ஒரு சட்டக் காரணம். அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர் 12 மாதங்கள் கழியும்வரை மனிதாபிமான விண்ணப்பம் செய்ய முடியாது என்பது பொது விதி; மேன்முறையீட்டுக்கோ சமஷ்டி நீதிமன்றத்துக்கோ சென்றிருந்தால், அங்கே கிடைத்த கடைசி முடிவின் நாளிலிருந்து அந்தக் கணக்குத் தொடங்கும். இதற்கு விதிவிலக்கு இரண்டே. சொந்த நாட்டில் போதிய மருத்துவ வசதி இல்லாததால் உயிருக்கு ஆபத்து நேர்வது ஒன்று. நாடுகடத்தலால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஒரு பிள்ளையின் நலன் மற்றொன்று. உங்கள் தம்பிக்கு வழி திறப்பது இந்த இரண்டாவதுதான்.

ஆயினும் பிள்ளை கனடாவில் பிறந்தது என்ற ஒன்றே போதாது. பிள்ளைகளின் நலனை அதிகாரி விழிப்போடும் பரிவோடும் கவனிக்க வேண்டும் என்று 1999-இல் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்த நலன் எதில் அடங்கியிருக்கிறது என்பதை எடுத்துக்காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. தகப்பன் நாளாந்தம் குழந்தையை எவ்வாறு பராமரிக்கிறார், தாயின் குடிவரவு நிலை என்ன, குழந்தையின் மருத்துவரும் பராமரிப்பு நிலையத்தினரும் என்ன எழுதித் தருகிறார்கள் என்பனவே கோப்புக்கு உயிர் கொடுப்பவை.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். அகதிக் கோரிக்கையில் சொன்ன கதையையே மறுபடியும் எழுதி, "திருப்பி அனுப்பினால் துன்புறுத்துவார்கள்" என்று முடிப்பார்கள். 2010-இல் வந்த திருத்தத்தின்படி, அகதி என்று நிறுவுவதற்கான காரணிகளை இந்த விண்ணப்பத்தில் அதிகாரி எடைபோட முடியாது. ஆனால் அதே நிகழ்வுகளால் ஒருவர் அனுபவிக்கக்கூடிய இன்னலை அவர் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது நம்மவர் ஒருவரின் வழக்கே. 16 வயதில் கனடாவுக்கு வந்த ஈழத் தமிழ்ச் சிறுவனின் அகதிக் கோரிக்கையும் பின்னர் மனிதாபிமான விண்ணப்பமும் மறுக்கப்பட்டபின், 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தரணிகள் இதைக் காந்தசாமி வழக்கு என்பார்கள். இன்னல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் அசாதாரணமானதா என்று அளந்து தள்ளிவிடக் கூடாது, எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி அபெல்லா. உளவியல் அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு, இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கும் சான்று கேட்டது தவறு என்றும், பாகுபாட்டுக்கு ஆளாகும் இனக்குழுவைச் சேர்ந்தவர் தாமே குறிவைக்கப்பட்டதாகக் காட்டத் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனவே உங்கள் தம்பி தூக்கமின்றித் தவிப்பவரானால், அதை அவருடைய வாக்குமூலத்தோடு விட்டுவிடாமல் தகுதிபெற்ற ஒருவரின் மதிப்பீடாகக் கோப்பில் சேருங்கள்.

அதே தீர்ப்பு, இந்தப் பிரிவு மாற்றுக் குடிவரவு வழியாகிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. நீங்கள் கேட்கும் அரசியல் வாதத்தின் நியாயமான பகுதி அதுதான். எனக்கு உடன்பாடில்லாதது, உரிமையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டே எண்ணிக்கையால் அதை நெரிப்பது. 2024 அக்டோபரில் வெளியான திட்டத்தில் மனிதாபிமான மற்றும் பிற பிரிவுகளுக்கு 2025-இல் 10,000 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதே திட்டத்தில் 2027-க்கு அது 4,300 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ள கோப்பும் இதனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

அந்தக் காத்திருப்பில்தான் ஆபத்து இருக்கிறது, ஏனெனில் மனிதாபிமான விண்ணப்பம் நாடுகடத்தலைத் தானாக நிறுத்துவதில்லை. நாடுகடத்தலை நடத்தும் எல்லைச் சேவை முகமையிடமிருந்து அழைப்புக் கடிதம் வந்தால் அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள். முதலில் அந்த முகமையிடம் ஒத்திவைப்புக் கேட்கலாம், மறுத்தால் சமஷ்டி நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரலாம். விண்ணப்பமே மறுக்கப்பட்டால், நீதிமன்ற மீளாய்வுக்கு அனுமதி கேட்க உங்களுக்கு இருப்பது முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 15 நாட்களே.