இருட்டில் தெரியும் மூச்சு: வாசகர் கேள்வி பதில்

ஜான் கார்ப்பென்டர் 1982இல் இயக்கிய ‘தி திங்’ என்ற திகில் படத்தையும், வீட்டில் பார்ப்பதற்காக அது வெளியான வடிவங்களையும் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அந்தக் கேள்விகளில் ஐந்துக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: ‘தி திங்’ ஒரு ரீமேக் என்கிறார்களே, பழைய படத்தைப் பார்த்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. கிறிஸ்டியன் நைபி இயக்கி, ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்து 1951இல் வந்த கறுப்பு வெள்ளைப் படமும் கார்ப்பென்டரின் படமும், ஜான் டபிள்யூ. காம்ப்பெல் 1938இல் எழுதிய ஒரே குறுநாவலிலிருந்து பிறந்தவை. அந்தக் கதையில் வரும் வேற்றுக்கிரக உயிர், தன்னிடம் சிக்கிய உயிரின் உருவத்தை அச்சு அசலாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவன் மனிதன்தானா என்ற சந்தேகம்தான் கதையின் உயிர்நாடி. 1951 படம் அதை விட்டுவிட்டுத் தாவர இனத்தைச் சேர்ந்த, மனித வடிவம் கொண்ட ஒரு பூதத்தைக் கொண்டுவந்தது. கதை நடக்கும் இடத்தையும் தென்துருவத்திலிருந்து வடதுருவத்துக்கு மாற்றியது. கார்ப்பென்டர் இரண்டையும் பழையபடி திருப்பி வைத்தார். ஆகவே மூலக்கதைக்கு நெருக்கமாக இருப்பது பின்னால் வந்த இந்தப் படம்தான். பழைய படத்தின் மீது அவருக்கு இருந்த மரியாதை, இருட்டைக் கிழித்துக்கொண்டு எழுத்துகள் எரிந்து வெளிப்படும் தலைப்புக் காட்சியிலேயே தெரிகிறது. அது 1951 படத்தின் தலைப்பை அப்படியே நினைவுபடுத்துவது.

கேள்வி: இளமையில் இதை வீடியோ கேசட்டில் பார்த்தபோது சாதாரணப் படமாகத்தான் தோன்றியது. இப்போது ப்ளூ-ரேயில் பார்த்த என் மகன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறான். மாறியது படமா, நானா?

பதில்: நீங்கள் அன்று பார்த்தது படத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இது அகலத்திரைப் படம். உயரம் 1 என்றால் அகலம் ஏறக்குறைய 2.35. அக்காலத் தொலைக்காட்சியின் அகலமோ 1.33. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதற்காகக் கேசட்டுகளில் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டினார்கள். அந்தக் கணக்கில் சட்டகத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விடும்.

இந்தப் படத்துக்கு அது எத்தகைய இழப்பு என்பதை ரத்தப் பரிசோதனைக் காட்சியை வைத்துச் சொல்கிறேன். தென்துருவ ஆய்வு முகாமில் யார் மனிதர், யார் அந்த வேற்றுக்கிரக உயிர் என்று கண்டறிய, ஒவ்வொருவரின் ரத்தத்திலும் சூடேற்றிய கம்பியை வைத்துப் பார்க்கிறார்கள். சோதனைக்குக் காத்திருப்பவர்களில் சிலர் ஒரே இருக்கையில் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறார்கள். எழுந்து ஓட முடியாது. கம்பி ரத்தத்தைத் தொடும் கணத்தில் யாருடைய ரத்தம் சோதிக்கப்படுகிறதோ அவருடைய முகத்தை மட்டும் பார்த்தால் போதாது, அவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத்திரையில் அவர்களைச் சேர்த்தே நிறுத்துகிறார். ஓரங்களை வெட்டிய பிரதி அவர்களைப் பிரித்துவிடுகிறது. பயமும் அங்கே அறுந்துபோகிறது.

1982 ஜூன் 25இல் திரையரங்குகளுக்கு வந்தபோது, இரண்டு வாரம் முன்னால் வந்திருந்த ‘ஈ.டி.’யின் அன்பான வேற்றுக்கிரகவாசியிடம் மக்கள் மனதைப் பறிகொடுத்திருந்தார்கள். இந்தப் படம் எடுபடவில்லை. அதற்கு ரசிகர்கள் சேர்ந்தது வீடுகளில்தான். அதனாலேயே இதன் டிஸ்க் தரத்தைச் சில்லறை விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கேள்வி: பல ப்ளூ-ரேக்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே படம்தானே, பிறகு ஏன் ஒன்றுக்கொன்று வித்தியாசமாகத் தெரிகின்றன?

பதில்: படம் ஒன்றுதான், எடுத்த ஊற்று வேறு. கேமராவுக்குள் ஓடிய சுருள் மூல நெகட்டிவ். அதிலிருந்து பாதுகாப்புக்காக எடுக்கும் முதல் பிரதி இன்டர்பாசிட்டிவ். அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரதி என்று போகும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நுணுக்கம் கரைகிறது. 2016இல் அமெரிக்காவில் வந்த ப்ளூ-ரே, இன்டர்பாசிட்டிவை 2கே அளவில் (குறுக்கே ஏறக்குறைய 2,000 புள்ளிகள்) ஸ்கேன் செய்து கண்டியின் மேற்பார்வையில் தயாரானது. 2017இல் பிரிட்டனில் வந்தது, மூல நெகட்டிவையே 4கே அளவில் ஸ்கேன் செய்து கார்ப்பென்டர், கண்டி இருவரின் ஒப்புதலோடு வெளியானது. 2021இல் 4கே டிஸ்க்கும் வந்தது. ப்ளூ-ரே அளவில் ஒன்றே ஒன்று போதும் என்றால் 2017 பதிப்பைத்தான் சொல்வேன்.

அந்த நுணுக்கத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் கடைசிக் காட்சியைப் பாருங்கள். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) எரிந்துகொண்டிருக்கும் முகாமின் நடுவே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய மூச்சு குளிரில் வெண்புகையாக எழுகிறது. மற்றவரிடம் அதைக் காணோம், ஆகவே அவர் மனிதரல்ல என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். நல்ல டிஸ்க்கில் அவருடைய மூச்சும் மெல்லியதாகத் தெரிகிறது. வெளிச்சம் விழும் கோணம் வேறாக இருப்பதால் முதலாமவரின் மூச்சுபோல எடுத்துக்காட்டவில்லை, அவ்வளவுதான். மங்கலான பிரதிகளில் அந்த மெல்லிய புகை இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டிருந்தது. அவர் மனிதரா இல்லையா என்ற கேள்வி அப்போதும் தீராது. ஆனால் அதற்குத் தவறான சாட்சி ஒன்று குறைகிறது.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் படம் முழுவதும் புள்ளிப் புள்ளியாக ஏதோ துடித்துக்கொண்டே இருக்கிறது. இது குறைபாடா?

பதில்: இல்லை, அதுதான் ஃபிலிம். சுருளின் மேல் பூசப்பட்ட வெள்ளி உப்புத் துகள்களிலிருந்துதான் பிம்பமே உருவாகிறது. கிரெயின் எனப்படும் அந்தப் புள்ளிகளைத் துடைத்தால் பிம்பத்தையும் சேர்த்தே துடைக்கிறோம். சில படங்களின் ப்ளூ-ரேக்களில் கணினி வடிகட்டியால் இதை அழுத்தி நீக்கியதில், நடிகர்களின் முகங்கள் மெழுகுப் பொம்மைகள் போல ஆகிவிட்டன. ‘தி திங்’ படத்தின் பூத உருவங்களில் பெரும்பாலானவற்றை ராப் பாட்டின் ரப்பரையும் பசையையும் கொண்டு கையால் உருவாக்கினார். ஈரமான அந்தத் தோலின் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அருவருப்பு வரும். தயவுசெய்து உங்கள் டிவியின் அமைப்பில் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும், அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: ஓடிடியிலேயே 4கே என்று போட்டிருக்கும்போது டிஸ்க் எதற்கு?

பதில்: 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை, 3840 பெருக்கல் 2160. அந்தப் புள்ளிகளை நிரப்ப எவ்வளவு தகவல் வருகிறது என்பது வேறு கணக்கு. 4கே டிஸ்க்கில் 66 அல்லது 100 ஜிபி வரை இடம் உண்டு. இணையத்தில் வரும் படத்தை அதைவிடப் பல மடங்கு சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்கும் மென்பொருள், மனிதக் கண் அதிகம் கவனிக்காது என்று கருதும் இருண்ட பகுதிகளில் முதலில் கை வைக்கும். குடும்பக் கதைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. திகில் படத்துக்கோ இருண்ட மூலைதான் மேடை. பனிவெளியின் இரவு வானம் நீலத்திலிருந்து கருமைக்கு மெல்ல இறங்க வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாக வரிகள் விழும். நாய்க்கூண்டுக் காட்சியில், நிழலுக்குள் என்ன அசைகிறது என்று நாம் உற்றுப் பார்க்கும் இடம் கறுப்புக் கட்டங்களாக உறைந்துவிடும்.

டிஸ்க்கோ ஓடிடியோ, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேற்றுக்கிரக உயிர் உருவெடுத்திருக்கும் நாய் நடைவழியில் ஓசையில்லாமல் நடந்து வந்து, திறந்திருக்கும் ஓர் அறைக்குள் நுழையும். உள்ளே இருப்பவரின் நிழல் மட்டும் சுவரில் திரும்பும். அது யாருடைய நிழல் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அதைப் பற்றி எழுதியிருக்கும் மூன்று வாசகர்களுக்கும் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.