கட்டிலை உயர்த்தச் செங்கல் வைக்கலாமா?

கேள்வி: கல்லூரி விடுதியில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு சாண் உயரம்கூட இல்லை. பெட்டிகளெல்லாம் நடைவழியில் கிடக்கின்றன. நான்கு காலுக்கும் செங்கல் அடுக்கிக் கட்டிலை உயர்த்தலாமா? பாரம் தாங்குமா?

பதில்: பாரத்தைச் செங்கல் தாங்கிவிடும். ஆனாலும் வேண்டாம். அதன் மேல் நிற்கும் காலுக்குப் பிடிமானமே கிடையாது. நீங்கள் புரண்டு படுக்கும்போதும் விளிம்பில் தொப்பென்று உட்காரும்போதும் கால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒரு நாள் நழுவிவிடும். ஹாலோ பிளாக்கும் சரிப்படாது.

முதலில் மெத்தையை எடுத்துவிட்டுத் தலைமாட்டுத் தூணைப் பாருங்கள். சில விடுதி இரும்புக் கட்டில்களில் அந்தத் தூணில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள் இருக்கும். பக்கச்சட்டத்தின் கொக்கி அதில் ஒன்றில் மாட்டியிருக்கும். நான்கு மூலையிலும் கொக்கியைக் கழற்றி, ஒரே அளவில் மேலே மாட்டினால் வேலை முடிந்தது. இது தெரியாதவர்களைக் குறிவைத்துத்தான் கல்வியாண்டு தொடக்கத்தில் "உயர்த்தித் தருகிறேன்" என்று சிலர் அறை அறையாக வருகிறார்கள். பணம் கொடுத்துவிடாதீர்கள். விடுதிப் பராமரிப்பு ஆட்கள் செய்ய வேண்டிய வேலை இது. அறை கொடுக்கும் அன்றே இதைச் சொல்ல நிர்வாகத்துக்கு என்ன கஷ்டமோ! அப்போது வாயே திறக்க மாட்டார்கள். காலி செய்யும்போது மட்டும் "கட்டிலில் ஏன் கை வைத்தாய்" என்று முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எதைச் செய்வதானாலும் வார்டனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

துளைகள் இல்லையென்றால் பெட் ரைசர் வாங்கலாம். காலுக்கு அடியில் வைக்கும் தாங்கிதான் அது. மேற்புறம் கிண்ணம்போல் குழிந்திருப்பதால் கால் நகராது. 3 முதல் 8 அங்குலம் வரை உயரங்களில் கிடைக்கிறது. காலின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். குழிக்குள் கால் தளர்வாக ஆடினால் செங்கல் வைத்தது போலத்தான். பெட்டியில் போட்டிருக்கும் எடை ஒரு தாங்கிக்கா, நான்குக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். அது அசையாமல் இருக்கும் பாரத்துக்கான கணக்கு. குதித்து ஏறினால் பொருந்தாது. படித்து முடித்துப் போகிறவர்கள் விற்கும் பழைய பிளாஸ்டிக் தாங்கியென்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழியின் விளிம்பில் வெளுத்த கோடுகள் ஓடியிருந்தால் அது விரிசலின் தொடக்கம். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சில கட்டில்களுக்கு நடுவிலும் ஒரு கால் உண்டு. குனிந்து பார்த்தால்தான் தெரியும். கடையில் நான்கை ஒரு கட்டாக விற்பார்கள், ஐந்தாவதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நான்கு மூலையை மட்டும் உயர்த்தினால் நடுக்கால் அந்தரத்தில் தொங்கும். படுக்கிறவரின் பாரம் முழுக்க நடுச்சட்டத்தில் இறங்கி, சட்டம் மெல்ல வளையும். முதுகுவலி வந்த பிறகு மெத்தையைக் குறை சொல்வோம். நடுக்கால் இருந்தால் அதற்கும் அதே உயரத்தில் தாங்கி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உயர்த்தவே வேண்டாம்.

காலில் சக்கரம் இருந்தால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அடுக்குக் கட்டிலைத் தொடவே தொடாதீர்கள்.

மாட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையைத் தூக்க, மற்றவர் தாங்கிகளைத் தள்ளட்டும், அப்புறம் மறுமுனை. கட்டில் ஆடாமல் நிற்கிறதா என்று நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்த பிறகு பெட்டிகளை உள்ளே தள்ளுங்கள்.