இடப்பக்கம் விலகும் அம்புகளுக்கு

வணக்கம். 40 பவுண்டு இழுவிசையுள்ள நீள்வில்லில் எய்யும் மர அம்புகள் எல்லாம் இடப்பக்கமே விலகுகின்றன, வில்லின் பக்கவாட்டில் உராய்ந்த தடமும் விழுகிறது என்கிறீர்கள். நீங்கள் வலக்கையால் நாணிழுப்பவர் என்பதால், அம்பின் விறைப்பு அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அம்பு வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விறைத்த தண்டு வளையாமல் இடித்துத் திரும்பும்.

அந்த 40 பவுண்டு, 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. நீங்கள் இழுப்பது 26 அங்குலம்தானே? அப்படியென்றால் கையில் இருப்பது ஏறக்குறைய 35 பவுண்டுதான்; அம்பை வளைக்க அது போதவில்லை.

தண்டை வெட்டிவிடாதீர்கள், விறைப்பு இன்னும் கூடும்! முதலில் 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) முனையைக் கழற்றி 125 கிரெயின் முனையை மாட்டுங்கள்; முனை கனத்தால் தண்டு எளிதாக வளையும். பிறகு இறகில்லாத அம்பு ஒன்றையும் இறகுள்ள மூன்றையும் 15 மீட்டரில் எய்யுங்கள். இறகில்லாதது மற்றவற்றோடு சேர்ந்து விழும்வரை முனையின் எடையை மாற்றிப் பாருங்கள்.