வழிகாட்டி நாய்க்குக் காசு சேர்க்கிறீர்களா? உங்கள் கணக்கில் வாங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர். பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்க்குட்டி ஒன்றின் பயிற்சிக்கு உதவ வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கதைத்து, 3,000 பவுண்ட் சேர்ப்பதாக முடிவு. எல்லாரும் என் கணவரின் வங்கிக் கணக்கில் போட, அவர் கடைசியில் மொத்தமாக அனுப்பினால் கிஃப்ட் எய்ட் கிடைக்குமா? ஆண்டுவிழாவில் ராஃபிள் (டிக்கெட் விற்றுப் பரிசுக் குலுக்கல்) வைக்கலாமா? ஒருவர் இசை நிகழ்ச்சி நடத்தித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், தனக்குத் தெரிந்த பயிற்சியாளரிடம் நேரே காசைக் கொடுத்தால் 6 மாதத்தில் நாய் தயார் என்கிறார். என்ன செய்வது?

பதில்: கணவரின் கணக்கு வேண்டாம். அவர் நேர்மையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் வேண்டாம்.

கிஃப்ட் எய்ட் என்பது இவ்வளவுதான்: பிரித்தானியாவில் வரி கட்டும் ஒருவர், தன் சொந்தக் காசில் 1 பவுண்டைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், நிறுவனம் வரித்துறையிடம் இன்னும் 25 பென்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்கள் 3,000 முழுவதுக்கும் அது கிடைத்தால் 750 பவுண்ட் கூடுதல். உங்கள் கணவர் மொத்தமாக அனுப்பும்போது அந்த 3,000 அவருடைய தானம் அல்ல. "இது என் காசு" என்று அவர் பெட்டியில் டிக் போட்டால் பொய்ச் சொல். டிக் போடாவிட்டால் 750 பவுண்டும் போயிற்று. இதைவிட, திடீரென்று ஒரு தனிநபர் கணக்கில் பத்தும் இருபதுமாகப் பல பேரிடமிருந்து காசு வந்து விழுந்தால் வங்கி கேள்வி கேட்கும், சில நேரம் கணக்கையே முடக்கி வைக்கும். வீட்டுக்கடன் கட்டும் கணக்கு அதுவாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

குழுவின் பெயரில் ஒரு கணக்கு திறக்கலாமே என்பீர்கள். திறந்து பாருங்கள். யாப்பு, அதாவது குழுவின் எழுதிய விதிமுறை, கேட்பார்கள், கூட்டக் குறிப்பு கேட்பார்கள், கையெழுத்திடும் எல்லாருடைய கடவுச்சீட்டும் கேட்பார்கள். கொடுத்த பிறகு அதே கடிதம் திரும்ப வரும். உங்கள் ஆண்டுவிழா முடிந்து அடுத்த ஆண்டுவிழா வந்துவிடும். பாடசாலையின் கணக்கிலும் கை வைக்காதீர்கள். கல்விக்கென்று பதிவான கணக்கில் நாய்க்குட்டிக் காசு போனால் கணக்குப் பார்ப்பவருக்குத் தலைவலி.

இலகுவான வழி: நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொண்டு நிறுவனத்தின் பெயரில் ஜஸ்ட்கிவிங் போன்ற ஒரு நிதி திரட்டும் இணையத்தளத்தில் பக்கம் திறந்து, இணைப்பைக் குழுவில் போடுங்கள். ஒவ்வொருவரும் தம் கார்டில் கட்டுவார்கள், தம் கிஃப்ட் எய்ட்டைத் தாமே டிக் செய்வார்கள், காசு உங்கள் கையைத் தொடாமலே நிறுவனத்துக்குப் போகும். ஒன்றே ஒன்று கவனம்: கட்டும் இடத்தில் தளத்துக்கென்று ஒரு 'விருப்பத் தொகை'யைத் தாங்களாகவே சேர்த்து வைத்திருப்பார்கள். அதைப் பூச்சியத்துக்கு இறக்கலாம். பெரியவர்கள் அது தெரியாமல் கட்டிவிட்டு, நாய்க்குப் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கார்டு பாவிக்காத ஆச்சிமார் இருப்பார்கள். அவர்களுக்கு நிறுவனத்திடமிருந்தே ஸ்பொன்சர் படிவம் வாங்கி வையுங்கள். முழுப் பெயர், வீட்டு விலாசம், அஞ்சல் குறியீடு, தொகை, டிக். "சிவா அண்ணை – 20" என்று எழுதினால் அந்த 20-க்கு 5 பவுண்ட் கிடைக்காது. சம்பளத்தில் பென்ஸ் கணக்காக வரி பிடிக்கத் தெரிந்த வரித்துறைக்கு, சிவா அண்ணை வரி கட்டுகிறாரா என்று தானாகப் பார்க்கத் தெரியாதாம். அவர் குனிந்து அஞ்சல் குறியீடு எழுத வேண்டும். சரி, எழுதட்டும்.

எல்லாரும் டிக் போடக் கூடாது. ஆண்டு வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருப்பவர், மாணவர், வேலையில்லாதவர் பொதுவாக வரி கட்டுவதில்லை. அவர்கள் டிக் போட்டால் அந்த 25 பென்ஸை வரித்துறை அவர்களிடமே கேட்கலாம். கடை வைத்திருப்போருக்கு இன்னொன்று: லிமிடெட் கம்பெனியின் கார்டில் கட்டினால் அது கம்பெனியின் தானம், அதற்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. சொந்தக் கார்டில் கட்டச் சொல்லுங்கள்.

இனி ராஃபிள். வைக்கலாம். ஆனால் நம்மவர்கள் வைக்கும் விதம்தான் பிரச்சினை. விழாவுக்கு மூன்று வாரம் முன்பே டிக்கெட் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மாமா மாமியிடம் விற்று வரச் சொல்வோம். 2005 சூதாட்டச் சட்டத்தின்படி இது கவுன்சிலில் பதிய வேண்டிய லொத்தர். 40 பவுண்ட் கட்டணம், பிறகு ஆண்டுக்கு 20, டிக்கெட்டில் அச்சிட வேண்டிய விபரங்கள், முடிந்ததும் கணக்கு, 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கத் தடை. இவ்வளவும் ஒரு குத்துவிளக்குப் பரிசுக்காக.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை விழா நடக்கும் இடத்தில், விழா நடக்கும் நேரத்தில் மட்டும் விற்றால் பதிவே தேவையில்லை. மண்டபத்துக்கு வெளியே கூடாது, முதல் நாள் கூடாது, "எனக்கு ரெண்டு எடுத்து வையுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் சொன்னாலும் கூடாது. குலுக்கலை மட்டும் விழா முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் விற்ற காசிலிருந்து பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, அச்சு முதலான செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. யாராவது இலவசமாகக் கொடுத்த பரிசுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. கடைக்காரர் 700 பவுண்ட் டிவியை அன்பளிப்பாகத் தந்தால் தாராளமாக வையுங்கள். அதே டிவியை ராஃபிள் காசில் வாங்கினால் தவறு. விழா மட்டும் உண்மையான விழாவாக இருக்க வேண்டும். டிக்கெட் விற்பதற்கென்றே பத்துப் பேர் கூடி வடை சாப்பிடுவது விழா ஆகாது. அப்புறம், ராஃபிள் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டு டிக்கெட்டுக்கும் கிஃப்ட் எய்ட் இல்லை. காசு கொடுத்து ஒன்றை வாங்குகிறார்கள், அது தானம் அல்ல. விழாவுக்கு வெளியே வீதியில் வாளியோடு நின்று காசு சேர்க்க ஆசைப்பட்டால், லண்டனில் அதற்கு மெட்ரோபொலிட்டன் பொலிஸின் அனுமதி வேண்டும். பிற ஊர்களில் கவுன்சில். ஏன் இப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இசை நிகழ்ச்சி நடத்தித் தருகிறேன் என்பவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். இந்த வகை ஆட்களின் கணக்குகளை நிறையப் பார்த்துவிட்டேன். சென்னையிலிருந்து பாடகர், விமானச் சீட்டு, ஹோட்டல், ஒலி, ஒளி, மண்டபம், பொன்னாடை, கேடயம். எல்லாம் கழித்து, கழிக்கக் கூடாததும் கழித்து, மேடையில் அட்டையில் செய்த பெரிய காசோலை ஒன்றைக் காட்டிப் படம் எடுப்பார்கள். அதில் எழுதிய தொகை வங்கிக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை, கேட்பவன் கெட்டவன். சட்டம் இருக்கிறது. கூலிக்குத் தொண்டு நிதி திரட்டுபவர், அந்தத் தொண்டு நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும், தனக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் காசு கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்று 1992-லேயே எழுதிவிட்டார்கள். ஆகவே அவரிடம் ஒரே ஒரு கேள்வி: "ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்." காட்டினால் மேற்கொண்டு கதைக்கலாம். "நமக்குள்ள என்னம்மா ஒப்பந்தம்" என்று சிரித்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த 6 மாதப் பயிற்சியாளர். இந்த நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை வைக்க எந்த உரிமமும் தேவையில்லை, நானும் நாளைக்கே வைக்கலாம். வழிகாட்டி நாய் அப்படி உருவாவதில்லை. இங்கே முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931-ல் மெர்சிசைட் வாலசியில் பயிற்சி முடித்தன. அதிலிருந்து வளர்ந்த 'கைட் டோக்ஸ்' நிறுவனத்தில் குட்டி சுமார் 8 வாரத்தில் ஒரு தன்னார்வலரின் வீட்டுக்குப் போகும். ஒரு வயது தாண்டும்வரை பேருந்து, சந்தை, படிக்கட்டு எல்லாம் பழகும், அதற்குப் பிறகுதான் சேணம் போட்ட பயிற்சி. ஒருவரோடு சேர்ந்து வேலை தொடங்கும்போது ஏறக்குறைய இரண்டு வயது. 6 மாதத்தில் தருகிறேன் என்பவர் கீழ்ப்படியப் பழகிய ஒரு வீட்டு நாயைத் தருவார். 'பதிவுபெற்ற உதவி நாய்' என்ற அட்டையும் மேலங்கியும் இணையத்தில் விற்கிறார்கள். அவற்றுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை, அப்படி ஒரு அரசுப் பதிவேடே இங்கே கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது, தொண்டு நிறுவனங்களைப் பதிந்து கண்காணிக்கும் சரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டை. நிறுவனத்தின் எண்ணைப் போட்டால் வரவு செலவு வரும். "லாப நோக்கமற்ற கம்பெனி" என்ற சொல்லில் மயங்காதீர்கள், சிஐசி (சமூக நலனுக்கான கம்பெனி) என்று பதிந்த கம்பெனி தொண்டு நிறுவனம் அல்ல, அதற்கு கிஃப்ட் எய்ட்டும் இல்லை.

பிள்ளைகளிடம் முன்பே சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பயிற்சிக்குப் போகும் எல்லாக் குட்டிகளும் வழிகாட்டி நாய் ஆவதில்லை. சில பயந்த சுபாவம், சிலவற்றுக்கு உடம்பில் குறை, அவை வேறு வேலைக்கோ ஒரு நல்ல வீட்டுக்கோ போகும். அதனால் உங்கள் பக்கத்தில் "இந்தக் குட்டிக்கு" என்று எழுதாமல் "வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பணிக்கு" என்று எழுதுங்கள். 3,000 சேராவிட்டாலும், கூடச் சேர்ந்தாலும், முழுவதும் அதற்கே போகும் என்ற வரியையும் சேருங்கள். பின்னால் சண்டை வராது.

குழுவில் கடை வைத்திருக்கும் அண்ணைமார் கதவில் "நாய் அனுமதி இல்லை" என்று ஒட்டியிருந்தால், கீழே "வழிகாட்டி நாய் வரலாம்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். பார்வையற்றவரை நாயோடு திருப்பி அனுப்பினால் 2010 சமத்துவச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எதையும் அறிவிக்கும் முன் நிறுவனத்தின் நிதிதிரட்டும் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பாவிக்க அனுமதி கேளுங்கள். விழாவுக்கு யாராவது வந்து பேச முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். குட்டியோடு வருவதாகச் சொன்னால், மண்டபக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். பயிற்சி முடித்த நாய்க்கு உள்ள உரிமை பயிற்சியில் இருக்கும் குட்டிக்குச் சட்டத்தில் இல்லை, வாசலில் வைத்து மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது.