கம்பெனி செய்தால் குற்றம், அரசு செய்தால் சகஜமா?

கேள்வி இதுதான்: பெரிய கம்பெனி ஆற்றைக் கெடுத்தால் ஊரே கொதிக்கிறது, அரசு கெடுத்தால் யாரும் வாய் திறப்பதில்லை, இது இரட்டை வேடம் இல்லையா?

இரட்டை வேடம்தான். ஆனால் அது மக்களிடம் இருப்பதைவிடச் சட்டத்தில்தான் அதிகம். எனக்குத் தெரிந்த நொய்யல் ஆற்றை வைத்தே சொல்கிறேன்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் உப்பும் சாயமும் கலந்த தண்ணீரை வருடக்கணக்கில் ஆற்றில் விட்டன. பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. 700க்கும் மேல். கரண்ட் கட். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது. இன்றைக்குப் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவை ஆர்.ஓ.வில் ஓட்டி நல்ல தண்ணீரை எடுக்கிறார்கள். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் உப்பும் திரும்பவும் சாயம் போடப் போகின்றன. எதற்கும் உதவாத கலவை உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. மழை ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இப்போதும் உண்டு, அது வேறு கதை.

சரி, கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அதே ஆற்றுக்கு வரும் வீட்டுச் சாக்கடை? நீர் மாசைத் தடுப்பதற்கான நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடலாம், கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். மாநகராட்சியை எப்படி மூடுவது? ஊரே குளிக்காமல் இருந்தால்தான் உண்டு. அபராதம் போட்டாலும் அது நம் வரிப்பணம். கழிவைச் சரியாகக் கையாளவில்லை என்று 2022ல் பசுமைத் தீர்ப்பாயம் மகாராஷ்டிர அரசுக்குப் போட்டது சுமார் 12,000 கோடி ரூபாய். எந்த அதிகாரி வீட்டிலிருந்து அது வரும்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் தினமும் உருவாகும் சாக்கடை சுமார் 7,236 கோடி லிட்டர். அதில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,023 கோடி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தனியார் ஆலை இந்த லட்சணத்தில் ஓடினால் மறுநாளே சீல் வைத்திருப்பார்கள்.

2024ல் நீர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்த மாநிலம் ஏற்கிறதோ அங்கே அமல். பல குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனை போய் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் வந்தது. அரசுத் துறை மீறினால்? துறைத் தலைவரின் ஒரு மாத அடிப்படைச் சம்பளம். படித்தபோது சிரிப்புதான் வந்தது. கம்பெனிக்கே இது கொசுக்கடி, அதிகாரிக்கு அதுவும் இல்லை. தவிர, வாரியமும் அரசுடையது, சாக்கடை விடுவதும் அரசின் இன்னொரு கை.

ஆனால் பட்டறைக்காரர்கள் சிலர் இதையே பிடித்துக்கொண்டு, "சாக்கடையை விடுகிறார்களே, எங்களை மட்டும் ஏன் நெருக்குகிறீர்கள்?" என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன். சாக்கடை நின்றால் ஆறு ஓரளவு தானே தேறும். கிணற்றிலும் மண்ணிலும் ஏறிய உப்பு அப்படிப் போகாது. ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். நெருக்குவதை விடக்கூடாது, மாநகராட்சிகளையும் அதே வேகத்தில் நெருக்க வேண்டும். அவர்களுக்கும் கெடு தேதி குறித்து, தவறினால் பொறுப்பான அதிகாரியின் பதவி உயர்வில் கைவைத்தால் வேலை நடக்கும் என்பது என் கணிப்பு.