பதில்: ஆண்டிலோப் கேன்யன் டூருக்கு எந்த மணி?

பிள்ளைகளோடு யூட்டா மாநிலத்தின் கானாப் ஊரில் தங்கி, ஜூலையில் 10 மணி டூருக்குப் போகிறீர்கள்; இரண்டு போன்கள் இரண்டு மணி காட்டுகின்றன, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 10 மணி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலுள்ள பேஜ் ஊரின் நேரப்படி. ஜூலையில் கானாபில் மணி 11 என்று காட்டும்போதுதான் உங்கள் டூர் தொடங்கும். ஒரு போன் 8:40, மற்றது 9:40 என்கிறதே, அதில் 8:40-ஐ நம்புங்கள்.

குழப்பம் போனில் இல்லை. யூட்டா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது, அரிசோனா தள்ளுவதில்லை. ஆண்டிலோப் பள்ளத்தாக்கு இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலமும் தள்ளுகிறது. ஆனால் டூர்காரர்கள் பேஜ் நேரத்தையே வைத்துக்கொள்கிறார்கள். எல்லைக்கு அருகே போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். எங்கள் காரிலும் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் ஒரு மணி வித்தியாசம்!

சரிபார்க்க: தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, போனில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டில் வருகைப் பதிவு நேரம் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

கானாபிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேர ஓட்டம். நானாக இருந்தால் யூட்டா நேரம் 7-க்கே கிளம்பி, முதலில் பேஜ் அருகே கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் போய்விடுவேன். போகவர 2.4 கிலோமீட்டர் நடை, வழியில் நிழல் அரிது. காலையில் கொலராடோ ஆற்றின் மேல் நிழல் விழுந்து படம் சுமாராகத்தான் வரும். பிள்ளைகள் வெயிலில் வாடாமல் திரும்புவது அதைவிட முக்கியம். விளிம்பில் கொஞ்ச தூரத்துக்குத்தான் கம்பித் தடுப்பு, கீழே 300 மீட்டர் பள்ளம். சின்னவன் கையை விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: அடுத்து செம்பாறைக் குன்றுகள் நிற்கும் மான்யுமென்ட் வேலி போவதானால் அங்கே நவஹோ நேரம். மறுபடி ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.