கடிதம்: மின்தூக்கிக்குள் நுழையாத படகு

அன்புள்ள அண்ணனுக்கு,

சிங்கப்பூரில், செங்காங்கில் பதினோராம் மாடியில் நாலறை வீடு எங்களுக்கு. பெடோக் படகுத்துறையிலும் பாசிர் ரிஸ் கரையிலும் தூண்டில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. மீனெல்லாம் நம் தூண்டிலுக்கு எட்டாத தூரத்தில்தான் துள்ளுகிறது. 500 சிங்கப்பூர் வெள்ளிக்குள் ஒரு கயாக் (இரு முனைத் துடுப்பால் தள்ளும் ஒடுங்கிய படகு) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் என் மச்சான், “கனூ (மேலே திறந்த நீளப் படகு) வாங்கு, மீனுக்கும் ஆகும், வேட்டைக்கும் ஆகும்” என்கிறார். அவர் மான் வேட்டைக்கே அதில்தான் போய்வருகிறார். எதை வாங்குவது? உபின் தீவில் காட்டுப்பன்றி நிறைய என்கிறார்களே, வேட்டைக்கு ஏதாவது வழி உண்டா? என்னிடம் கார் இல்லை. எடை 84 கிலோ.

செங்காங் வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் காட்டுப்பன்றியை முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உபினில் பன்றி இருக்கிறது. உங்கள் பையில் உள்ள ரொட்டியை அது வேட்டையாட வரலாம், நீங்கள் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

உங்கள் மச்சான் சொல்வது அவர் ஊருக்கு முழுக்கச் சரி. பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம் என்று பெயர் வாங்கிய இடம் அது. சாலை போகாத காட்டுக்கரைக்கு ஏரி வழியாகப் போகலாம். சுட்ட மானைத் தோளில் சுமக்காமல் படகில் கிடத்திக் கொண்டுவரலாம். கூடாரம், நாய், வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் கனூவின் திறந்த வயிற்றில் இடம் உண்டு. அங்கே மலிவாகவும் கிடைக்கும். போர் விமானம் செய்துகொண்டிருந்த கிரம்மன் கம்பெனி, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அலுமினியத்தில் கனூ செய்ய ஆரம்பித்தது. அந்தப் பழைய கனூக்கள் இன்றும் அங்கே கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவருக்குக் கார் கொட்டகை இருக்கும், படகை ஏற்ற வண்டி இருக்கும். நமக்கு இருப்பது மின்தூக்கி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் தெம்பனிசில் ஒருவரிடம் 12 அடி பிளாஸ்டிக் கயாக்கை 250 வெள்ளிக்கு வாங்கினேன். மலிவு என்ற குஷி. லாரிக்குத் தனியாகக் காசு. வீட்டுக்குக் கீழே கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் மின்தூக்கியைப் பார்த்தேன். நேராக வைத்தோம், சாய்த்தோம், மூலைக்கு மூலை வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் படியில் ஆறு மாடி தூக்கினோம், 28 கிலோ. அப்புறம் தாழ்வாரத்தில் வைத்தேன். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. என் படகு விட்டது ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் வழி. எடுக்கச் சொல்லிக் கதவில் கடிதம் ஒட்டினார்கள், தப்பு என்னுடையதுதான். 150 வெள்ளிக்கு விற்றேன். வாங்கியவரும் மின்தூக்கியை அளக்கவில்லை என்று நினைக்கிறேன், நான் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்குக் காற்றடைத்த கயாக்தான். சுருட்டிப் பையில் போட்டால் 15 கிலோ அளவில் வரும், டாக்சியின் பின்பெட்டியில் அடங்கும். உதாரணத்துக்கு இன்டெக்ஸ் கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் கே2 இருவர் படகு. நீளம் 3.12 மீட்டர், அகலம் 91 சென்டிமீட்டர், 180 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். கம்பெனி சொல்லும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது என் கணக்கு. உங்கள் 84 கிலோவும் ஐஸ் பெட்டியும் தூண்டிலும் அதற்குள் வந்துவிடும். ஒருவர் படகை வாங்காமல் இருவர் படகை வாங்கி ஓர் இருக்கையைக் கழற்றிவிடுங்கள். கால் நீட்ட இடம் கிடைக்கும்.

ஆனால் இந்த மலிவு ரகம் ஏரிக்குச் செய்தது. காற்று அடித்தால் பலூன் மாதிரி ஒதுங்கும். கையில் 500 வெள்ளி இருந்தால், அடித்தளம் மட்டுமாவது டிராப் ஸ்டிட்ச் உள்ளதாகப் பாருங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும், காற்றடித்தால் பலகை போல நிற்கும். இன்னொன்று, படகோடு இலவசமாக வரும் துடுப்பை நம்பாதீர்கள். அது கனமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். படகில் 50 வெள்ளி குறைத்தாவது துடுப்பில் போடுங்கள்.

முள் குத்திக் கிழியாதா என்று அடுத்து கேட்பீர்கள். தூண்டில் முள்ளைவிட எனக்குப் பயம் தூண்களில் அப்பியிருக்கும் சிப்பிதான், பிளேடு மாதிரி அறுக்கும். படகுத்துறைத் தூணருகே கலவா மீன் இருக்கும் என்று நெருங்காதீர்கள். அப்புறம் நல்ல வெயிலில், காற்று முழுக்க அடைத்த படகை மணலில் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும்.

கார் உள்ள வாசகர்களும், தரைவீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் உள்ளே இறங்கி உட்கார வேண்டும், இன்னொன்றில் மேலே உட்கார வேண்டும். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை, தோணிக்கும் கட்டுமரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். தோணி கவிழ்ந்தால் நீர் நிரம்பும். பயிற்சி இல்லாதவர் கடல் நடுவில் அதை இறைத்து மீண்டும் ஏறுவது பெரும்பாடு. கட்டுமரம் தண்ணீரைத் தானே வடித்துவிடும். மேலே உட்காரும் கயாக்கிலும் அதற்கென்றே துளைகள் இருக்கும். மீன் பிடிக்க அதுதான். உங்கள் காற்றுப் படகு இரண்டுக்கும் நடுவில். தண்ணீர் தானாக வடியாது, ஆனால் மூழ்காது, சரித்துக் கொட்டிவிட்டு ஏறலாம். முதல் நாளே முட்டளவு ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகுங்கள்.

எங்கே போவது? நீர்த்தேக்கம் என்றால் குறித்த இடங்களில் மட்டும், அதுவும் செயற்கை இரை மட்டும். அதனால் பெரும்பாலோர் கடலுக்கே போகிறார்கள். பாசிர் ரிஸ் கரையை ஒட்டிக் கொடுவா மீன் பிடித்துப் பழகுங்கள், இங்குள்ளவர்கள் சியாக்காப் என்பார்கள். தெக்கோங் தீவு ராணுவத்துடையது, கரையேறவே கூடாது. ஜொகூர் நீரிணையில் மலேசிய எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது, நீரோட்டத்துக்கும் அது தெரியாது.

நீரோட்டம் என்றதும் உங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டி ஞாபகத்துக்கு வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இங்கே மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும், ஓட்டம் இழுக்கும். அட்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் தளர்ந்திருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அம்மா தள்ளிவைக்கும் அந்த நாட்களில்தான் புதியவர் படகை இறக்க வேண்டும். சிறிய நங்கூரம் ஒன்று போதும், ஆனால் அதைப் படகின் பக்கவாட்டில் கட்டவே கட்டாதீர்கள். ஓட்டம் குறுக்கே தள்ளினால் படகு அப்படியே புரண்டுவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று என்று ஒன்று வரும். விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து கருப்பாக எழும், கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். மேற்கு வானம் கறுத்தால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள். இந்த ஊரில் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கிறது. திறந்த கடலில் நிமிர்ந்து நிற்பது உங்கள் தூண்டில் கம்பு ஒன்றுதான். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே திணிக்காதீர்கள். ஒரு விசில், நீர் புகாத பையில் கைப்பேசி. மோட்டார் மாட்டும் எண்ணம் வந்தால் அது இயந்திரப் படகாகிவிடும், உரிமம் முதலான வேலைகள் தொடங்கும்.

வாங்கும் முன் மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் என்ற நீர் விளையாட்டு நிலையத்தில் ஒரு நாள் தொடக்கநிலைப் பயிற்சி எடுத்து ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு நாளிலேயே முதுகு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் 500 வெள்ளி மிச்சம்.

கடைசியாக, உப்புத் தண்ணீரோடு சுருட்டி வைத்தால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். துணி காயப்போடும் மூங்கில் கழியில் தொங்கவிடாதீர்கள், கனம் தாங்காமல் கீழே யார் தலையிலாவது விழும். இப்போது என்னிடம் உள்ள காற்றுப் படகு குளியலறையில் கழுவப்பட்டு, வரவேற்பறையில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காயும். அந்த இரண்டு நாளும் நாங்கள் அதைத் தாண்டித்தான் தொலைக்காட்சி பார்க்கிறோம். இதை மட்டும் வாங்குவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்